பிளாஸ்டிக்குக்குள் ஒரு வருஷம்

அத்தியாயம் பதினொன்று

கடை ஷட்டரை அப்பா பாதிதான் தூக்கினார். குனிந்து உள்ளே நுழைந்து, மறுபடி அதைக் கீழே இழுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிற மனுஷர், தன் கடைக்குள்ளேயே திருடன் மாதிரி புகுந்தது இதுதான் முதல் தடவை.

நேற்று சாயங்காலம் பாப்பாவின் போனில் வந்து விழுந்த மெயிலோடுதான் போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பாப்பா என்றதும் தொட்டிலைத் தேடாதீர்கள். அவளுக்கு வயசு இருபத்தொன்று. மண்ணைப் பற்றிப் படிக்கிறவள். பரிமாற்றத் திட்டத்தில் அவள் கல்லூரியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பேர் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு வருஷம் படிக்கலாம். இந்தத் தடவை போனவர்கள் பாப்பாவும் அவள் தோழி சோடாவும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் அது, அந்தப் பெண்ணுக்கே பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

ஐந்து மாதம் படித்துவிட்டு, விடுமுறைக்கு இருவரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் அந்த நாடு விதியை மாற்றிவிட்டது. விடுமுறைக்கு வெளியே போன பரிமாற்ற மாணவர்கள் திரும்பி வரவேண்டுமானால், பல்கலைக்கழகம் கொடுத்த மூலப் படிவத்தின் பின்பக்கத்தில் விசா அலுவலகத்தின் புது முத்திரை இருக்க வேண்டும். கடைசி நாள் இன்று, மாலை நாலு மணி. தவறினால் விசா தானாக ரத்து.

டூப்ளிகேட் படிவம் வாங்கலாம் என்றால், அங்கே பல்கலைக்கழகமே விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வருஷம் போகலாம் என்றால், ஒருவருக்கு ஒரு தடவைதான் இடம்.

"அப்பா, அந்த ஃபைல் கடையிலதானே இருக்கு? ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தேனே, என்னுதும் சோடாவோடதும் சேர்த்து?" என்று காலையில் பாப்பா கேட்டாள். ஆன்லைன் விண்ணப்பத்தில் மூழ்கியிருந்ததால் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தால் இந்த அத்தியாயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"கடையிலதான் இருக்கு. நான் எடுத்துட்டு நேரா அங்க வந்துடறேன். நீ போட்டோ எடுத்துட்டு வந்துடு."

"ரெண்டு மணிக்கு டோக்கன். லேட் பண்ணாதீங்கப்பா. சோடாவும் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கா, மூணரைக்குள்ள வந்துடுவா."

"சரிம்மா."

சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கிளம்பினார். படிவம் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடைத்தெருவில் அப்பாவுக்குப் 'பளபளா' என்று பெயர். ஜெராக்ஸ், ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் கடையில் உண்டு என்றாலும் மனுஷருக்கு உயிர் லேமினேஷனில்தான். அவர் கையில் ஒரு தாள் கிடைத்துவிட்டால் போதும், பிளாஸ்டிக் போர்த்தாமல் விடமாட்டார். வீட்டில் மிக்ஸி வாரண்டி அட்டை பளபளக்கும். அம்மாவின் பணி நியமன ஆணை பளபளக்கும். பாப்பா மூன்றாம் வகுப்பில் வரைந்த, காது மட்டும் பெரிசான பூனை பளபளக்கும். அம்மா ஒரு தடவை மளிகைச் சாமான் லிஸ்ட்டைத் தேடியபோது அதுவும் பளபளத்தது.

ஃபைலைப் பாப்பா கொடுத்த அன்று அவர் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் லேசாகக் கிழியத் தொடங்கியிருந்தது. கடல் கடந்து போய்வந்த தாள், பெற்ற பெண்ணின் எதிர்காலம் எழுதிய தாள், இப்படியா கசங்கிக் கிடப்பது என்று அவருக்கு மனசு தாங்கவில்லை. அதே சின்னம் போட்ட இன்னொரு தாளும் கூடவே இருந்தது. இரண்டாம் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டையும் தாளுக்கொரு கவரில் போட்டு, மெஷின் சூடேறியதும் உள்ளே விட்டார். உருளைகளுக்கு நடுவிலிருந்து அவை கண்ணாடி மாதிரி வெளியே வந்தபோது, பாப்பா பார்த்து அசந்துபோவாள் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் மேல் எந்த மையும் நிற்காது. விரலால் தேய்த்தால் வழித்துக்கொண்டு போய்விடும். இது அவருக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு அவரே படித்துப் படித்துச் சொல்கிற விஷயம் இது: "கையெழுத்து, சீல் எல்லாம் முடிஞ்சுதா? முடிஞ்சா மட்டும் குடுங்க."

இப்போது அவர் பழைய லேமினேஷன் ஒன்றை எடுத்து, சோதனைக்காக மூலையைக் கீறி உரித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. தாளில் வெள்ளைதான் மிச்சம். இன்னொன்றைச் சூடு காட்டி உரித்தார். பாதி வரை வந்து, தாளே இரண்டாகக் கிழிந்தது. கத்தி இரண்டு தடவை கைநழுவிக் கீழே விழுந்தது.

மணி ஒன்பதரை. வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் செய்தார்.

அம்மா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றவள், "என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ கடைக்கு வா. உன் பையில அந்த பிளேடு இருந்தா எடுத்துட்டு வா."

"பிளேடா? எதுக்கு?"

"வா, சொல்றேன்."

அரைமணி நேரத்தில் யூனிபாரத்தோடு வந்து ஷட்டரைத் தட்டினாள். அவர் படிவத்தை மேஜைமேல் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னதான் ஆச்சு? குழந்தையோட படிப்புங்க இது! மிக்ஸி வாரண்டியா? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது? போற வர்ற தாளையெல்லாம் இப்படிப் பண்ணிப் பண்ணி... என்னைக்காவது இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்!"

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா முதல்ல இத உரிச்சுக் குடு. என் கை நிக்க மாட்டேங்குது."

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். தியேட்டரில் கழுவுவது போலவே முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள்.

"எங்க உரிக்கணும்?"

"பின்பக்கம் மட்டும். முத்திரை அங்கதான். பின்னாடி எழுத்து ஒண்ணும் இல்ல, அதனால மை வர்ற பயம் இல்ல. முன்பக்கத்தத் தொட்டா செத்தோம்."

"ஹேர் டிரையர் இருக்கா?"

"பக்கத்து சலூன்ல வாங்கிட்டு வந்துட்டேன்."

"லைட்டப் போடுங்க. மூச்ச அந்தப் பக்கம் விடுங்க."

பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கடைக்குள் வேறு பேச்சே இல்லை. அவர் சூடு காட்டுவார். அம்மா பிளேடின் நுனியைப் பிளாஸ்டிக்குக்கும் தாளுக்கும் நடுவே மயிரிழை அளவு செலுத்துவாள். ஒரு விரல் அகலம் உரியும். நிறுத்துவார்கள். மறுபடி சூடு. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "பளபளா அண்ணே, ஐடி கார்டு ரெடியா?" என்று கேட்டார்கள். இருவரும் அசையவில்லை.

நடுவில் ஒரு தடவை தாள் மெலிந்து, விளக்கு வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பேஷன்ட்டோட வீட்டுக்காரரை ஏன் உள்ள விடறதில்லன்னு இப்பப் புரியுதா?" என்றாள் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பன்னிரண்டே காலுக்குப் பின்பக்கப் பிளாஸ்டிக் முழுசாக வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டிய தாள் உடனே சுருட்டிக்கொண்டது. அப்பா அதை இரண்டு பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்து, மேலே தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். கால் மணி கழித்து எடுத்துப் பார்த்தால் ஓரளவு நிமிர்ந்திருந்தது. ஒரு துளி மையைப் பின்பக்க மூலையில் வைத்துப் பார்த்தார். ஊறி, நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றாள் அம்மா. தலைமைச் செவிலியிடமிருந்து மூன்று தடவை அழைப்பு வந்துவிட்டது. ஆள் குறைச்சல், அவள் மறுபடி போயாக வேண்டும். "அங்க போய் நீங்க வாயத் திறக்காதீங்க. அவங்க கேட்டா பாப்பா பதில் சொல்லட்டும். உங்களுக்குப் பதட்டம் வந்தா ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவீங்க."

"திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

படிவத்தை ஒரு கவரில் தனியாகப் போட்டுக்கொண்டு, மற்ற தாள்கள் இருந்த ஃபைலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

விசா அலுவலகம் இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. நூறு நாற்காலிகள் போட்ட கூடம், அதில் இருநூறு பேர். சுவரோரம் தரையில் உட்கார்ந்து ஒரு பையன் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெண் போனில், "முடியாது, முடியாது, இன்னிக்குத்தான் கடைசி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாக் கண்களும் சிவப்பு எண் ஓடும் பலகைமேல்.

"குடுங்கப்பா." பாப்பா கவரை வாங்கிப் படிவத்தை வெளியே எடுத்தாள். முன்பக்கம் கூடத்து விளக்கில் மின்னியது. அவள் விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

"என்னப்பா இது?"

அவர் தரையைப் பார்த்தார். "கிழிஞ்சுடுமோன்னு நினைச்சேன்டா. உனக்கு நல்லதுன்னு... அம்மாவும் நானும் பின்பக்கத்த உரிச்சுட்டோம். பின்னாடி பாரு, வெறும் தாளுதான். மை நிக்குது, நான் வச்சுப் பார்த்துட்டேன்."

பாப்பா திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால், அழுதிருந்தால், அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"முத்திரை பின்னாடிதானே குத்தணும்? பரவால்லப்பா," என்றாள். "நீங்க தண்ணி குடிச்சீங்களா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

அந்தப் பரவாயில்லை அவர் நெஞ்சைப் பிழிந்துவிட்டது. அங்கே ஆய்வுக்கூடத்தில் தன் பெயர் எழுதிய நாற்பது மண் ஜாடிகள் வரிசையாக இருக்கின்றன, ஆறாவது மாதம் திறந்து பார்த்தால்தான் விடை தெரியும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஜாடிகளை வேறு யாரோ திறப்பதாக அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்து, தலையை உதறிக்கொண்டார்.

இரண்டு மணி டோக்கன் மூன்றரைக்குத்தான் வந்தது. மூன்றாம் கவுன்ட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தார். படிவத்தைத் திருப்பினார். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார்.

அப்பா மூச்சை நிறுத்திக்கொண்டார்.

அதிகாரியம்மா மறுபடி முன்பக்கம் திருப்பினார். கீழே வலது மூலையில், பல்கலைக்கழகத்தின் அழுத்து முத்திரை இருந்த இடத்தில், கட்டைவிரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார். முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது தட்டையா இருக்கே. இந்த சீல் மேடா இருக்கணுமே."

மை இல்லாமல், தாளையே அழுத்திப் புடைக்க வைக்கிற முத்திரை அது. மெஷினின் சூட்டு உருளைகள் அதை இஸ்திரி போட்டது போல நசுக்கிவிட்டன. காலையிலிருந்து பின்பக்கத்தோடு போராடியதில் முன்பக்கத்து மூலை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"மேடம், அது லேமினேட் பண்ணினதால..." என்று பாப்பா ஆரம்பித்தாள்.

"லேமினேட் பண்ணினதா? ஒரு பக்கம்தானே பிளாஸ்டிக் இருக்கு? பின்பக்கம் ஏன் சுரண்டியிருக்கு?"

பாப்பா ஒரு நொடி தயங்கினாள். ஒரே ஒரு நொடிதான். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க பண்ணேன்! என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உருள சூட்டுல சீல் அமுங்கிடும் மேடம், அது இயற்கை. எனக்கு நல்லாத் தெரியும், நானே கடை வச்சிருக்கேன். கலர் ஜெராக்ஸ், ஸ்கேனிங், பிரிண்டிங், லேமினேஷன், இருபத்திரண்டு வருஷமா..."

சொல்லச் சொல்லவே அதிகாரியம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்த முடியவில்லை.

"கலர் ஜெராக்ஸ் கடையா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க."

"ஸ்கேன் பண்ணி பிரிண்ட்டும் எடுப்பீங்க."

அம்மாவுக்குச் செய்த சத்தியம் அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதிகாரியம்மா படிவத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒரு பழுப்பு உறையில் போட்டார். மேலே ஏதோ எழுதினார். கெட்டவர் இல்லை அவர். எழுதும்போது பாப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல்தான் எழுதினார்.

"மேடம், என்ன பண்றீங்க?" பாப்பாவின் குரல் கீச்சென்று எழும்பியது.

"இது ஒரிஜினல்தானான்னு யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கேக்கணும்மா. பத்து வேலை நாள் ஆகும்."

"இன்னிக்கு நாலு மணிதானே கடைசி!"

"எனக்கும் தெரியும். ஆனா இதுல நான் முத்திரை குத்த முடியாது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரிஜினல்னு பதில் வந்தா மேல எழுதிப் பார்க்கலாம், ரத்தானத எடுத்துக் குடுத்தாலும் குடுப்பாங்க. போலின்னு முடிவு கட்டிட்டாங்கன்னா இந்த வருஷம் மட்டும் இல்ல, அந்த நாட்டுக்குள்ள எப்பவுமே கால் வைக்க முடியாது. இன்னிக்கு இதே மாதிரி ரெண்டு மூணு போலி வந்துடுச்சு. எங்களுக்கும் வேற வழி இல்ல. நகருங்கம்மா, அடுத்த டோக்கன்."

கூடத்தின் ஓரத்துக்கு வந்தார்கள். பாப்பா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை. கையில் பாஸ்போர்ட் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ரெண்டு அடி அடிச்சுடும்மா," என்றார் அப்பா. "நான் பாவி. உன் வாழ்க்கையவே நசுக்கிட்டேன்."

"அப்படிப் பேசாதீங்க."

"நான் சும்மா இருந்திருக்கணும். அம்மா சொல்லித்தான் அனுப்பினா."

"அப்பா, ப்ளீஸ். கொஞ்ச நேரம் பேசாம இருங்க. என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் கதவு தள்ளித் திறந்தது. மூச்சு வாங்க, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியபடி சோடா ஓடிவந்தாள். தோளில் பை, கையில் முன்பே ஆன்லைனில் எடுத்து வைத்த டோக்கன் சீட்டு.

"பஸ் பஞ்சர்டி! கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஓடியே வந்தேன். அறுபத்தொண்ணு. அடுத்து நான்தான், மூணாவது கவுன்ட்டர்." அவள் அப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "அங்கிள், என் ஃபாரம் கொண்டு வந்தீங்கல்ல? அந்த ஃபைல்லதான் இருக்கும்."

அப்பா கக்கத்தில் இருந்த ஃபைலைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு மெஷினுக்குள் போனவை இரண்டு தாள்கள். அதே சின்னம், அதே அளவு. இரண்டாம் பக்கம் என்று நினைத்து அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதை இந்தப் பெண்ணிடம் கொடுத்தால், அதே கவுன்ட்டரில், அதே கட்டைவிரல் இன்னொரு தட்டையான முத்திரையைத் தடவும். ஒரே ஜெராக்ஸ் கடைக்காரன் வீட்டிலிருந்து இரண்டு படிவம். பாப்பாவின் படிவம் போலி என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். கொடுக்காவிட்டால், பெற்றவர்களையெல்லாம் ஊரில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் ஓடிவந்த இந்தப் பெண்ணின் வருஷமும் இன்னும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். ஃபைல் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவர் மனசு அலைந்தது. அப்படி நினைத்த தன்னையே அவருக்குப் பிடிக்கவில்லை.

"உன்னுது முடிஞ்சுதாடி? முத்திரை குத்திட்டாங்களா?" என்று சோடா கேட்டாள்.

பாப்பா தலையை இல்லை என்று ஆட்டினாள். "அப்புறம் சொல்றேன். நீ முதல்ல போ. நேரம் இல்ல."

பலகையில் அறுபத்தொன்று சிவப்பாக எரிந்தது.

"குடுங்கப்பா," என்று பாப்பா கையை நீட்டினாள். "அவளாவது போகட்டும்."

அப்பா ஃபைலைத் திறந்தார். மேலே இருந்த தாள் கூடத்து விளக்கு முழுவதையும் வாங்கி அவர்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. சோடாவுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

பாப்பாவின் நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.